ஏழு கரண்டிப் பால்

மூன்றாம் நாள் காலையிலும் ஆவுடையம்மாளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

சொரிமுத்து அவள் தலையை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் ஒரு கரண்டித் தண்ணீரை உதட்டுக்குள் விட்டார். விட்டதுதான் தாமதம், அவள் இருமத் தொடங்கினாள். சாதாரண இருமல் இல்லை. முகம் கருத்து, கண் பிதுங்கி, நெஞ்சுக்குள் யாரோ துணி கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். அது கவிழ்ந்து உருண்டது.

"தண்ணியே இறங்க மாட்டேங்கு சாமி. இனி என்னதான் இறங்கும்?"

வாசலில் நின்றிருந்த வேலாண்டி சாமி ஓரடி உள்ளே வந்தார். படுத்திருந்தவளைப் பார்த்தார். உருண்ட டம்ளரைப் பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லையில் இருந்த வாழைகளுக்குள் போய்விட்டார்.

சொரிமுத்துவுக்கு ஆத்திரம் வந்தது. வாழை வெட்டுகிற நேரமா இது?

மலையடிவாரத்தில் ஓடைக்கரை மடம் அது. மடத்துக்குப் பொறுப்பு வேலாண்டி சாமி, வயது முப்பத்தெட்டு. சீடர் சொரிமுத்துவுக்கு அறுபத்திரண்டு. சாமி சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் அவரைச் சாமி என்பார். யாருக்கு யார் குரு என்று வருகிறவர்கள்தான் கொஞ்ச நேரம் குழம்ப வேண்டும்.

சொரிமுத்து முப்பத்தொரு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒரு நாளும் ஒரு நிமிஷம் லேட்டாகப் போனதில்லை என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் மனைவி ஆவுடையம்மாளோடு மடத்துக்கு வந்தார். மனசு அடங்க வேண்டும் என்று வந்தவர், அடுப்படிப் பொறுப்பை வாங்கிக்கொண்டு எல்லாரையும் அடக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணி பத்து நிமிஷம் முன்னதாகவே அடிக்கும். பாதிப் பசியோடு வந்து உட்காருவார்கள். சாமி ஒன்றும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தாள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிக்கொண்டது. நினைவு மட்டும் இருந்தது. அன்று கொட்டிய மழையில் ஓடைப் பாலம் உடைந்தது. ஆஸ்பத்திரி அக்கரையில். போனில் டவர் இல்லை. பாலத்தில் வேலை செய்கிறவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி விட்டுவிடலாம் என்று கரைக்கு அந்தப் பக்கமிருந்து கத்திச் சொன்னார்கள். இன்று புதன்.

அதுவரைக்கும் ஒரு மனுஷி தண்ணீர் இல்லாமல் தாங்குவாளா? உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நாற்பது வருஷம் கூட இருந்தவள் கண் முன்னால் வற்றிக்கொண்டிருக்கிறாள், தன்னால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. சொரிமுத்து சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறைதான்.

அதைவிட ஒரு காரியம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. விடிகிற நேரத்தில், இருமல் ஒன்றுக்குப் பயந்து, இக்கரையிலேயே இருந்த மேலத்தோப்புக்குப் போன பால்காரரிடம் அவள் அண்ணன் தளவாய்க்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீர் இறங்கவில்லை, பால் ஊற்ற வாருங்கள் என்று. போகிற உயிருக்கு உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கரண்டிப் பால் வாயில் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பால் ஊற்றிவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

பால்காரர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தான் என்ன சொல்லி அனுப்பினோம் என்று அவருக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினார். கிடைக்கவில்லை.

*

சாமி ஒரு வாழைத்தண்டின் வெளிப்பட்டையை உரித்துக்கொண்டு வந்தார். முழ நீளம் இருந்தது, வாய்க்கால் மாதிரி குழிந்திருந்தது. ஆட்டுக்கல்லின் மேல் ஒரு முனையைச் சாய்த்து வைத்தார். மறுமுனைக்குக் கீழே ஒரு கிண்ணம். கிண்ணத்துக்கு ஒரு சாண் முன்னால், பட்டையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார். பிறகு சொரிமுத்துவின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்து ஓட்டைக்குக் கீழே வைத்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. கையை முழங்கால்ல வையுங்க."

"சாமி, உள்ளே அவ..."

"உட்காருங்க."

மேலே இருந்து ஊற்றுவேன், வருவதைக் கண்டதும் கையை எடுத்து ஓட்டையை மூட வேண்டும், துண்டு நனையக் கூடாது, இவ்வளவுதான் என்றார் சாமி. சொரிமுத்து உடனே விரலை ஓட்டையில் வைத்தார். சாமி அந்தக் கையை எடுத்து மறுபடியும் முழங்காலில் வைத்தார்.

"முன்னாடியே மூடிறக் கூடாது. அது மூச்சு போற வழி."

செம்பிலிருந்து தண்ணீரைச் சாய்த்தார். சொரிமுத்துவின் கை முழங்காலை விட்டு எழும்புவதற்குள் துண்டு நனைந்துவிட்டது.

மறுபடியும். மறுபடியும் நனைந்தது. மூன்றாவது தடவை அவர் கண்ணை இமைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்போதும் விரல் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் முந்திவிட்டிருந்தது.

"வயசாயிட்டு சாமி. கை முன்ன மாதிரி இல்ல." சொரிமுத்து விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சாமி விளக்குக்கு வைத்திருந்த ஆமணக்கெண்ணெயை எடுத்துவந்து ஊற்றினார். எண்ணெய் பட்டையில் இறங்கி வந்தது. சொரிமுத்து பார்த்தார், கையை எடுத்தார், ஓட்டையை மூடினார். எண்ணெய் அவர் விரலைச் சுற்றிக்கொண்டு கிண்ணத்துக்குள் விழுந்தது. துண்டில் புதிதாக ஒரு பொட்டு இல்லை.

அடுத்தது தேன். அது வந்து சேர்வதற்குள் அவர் ஓட்டையை மூடிவிட்டு, உள்ளே ஆவுடையம்மாள் முனகுகிறாளா என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருந்தது.

"கை மாறிச்சா அண்ணாச்சி?"

"இல்ல சாமி."

"ஓட்டை?"

"அதேதான்."

சாமி செம்பைக் கழுவப் போய்விட்டார். சொரிமுத்து பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் ஆடோ ஆளோ குறுக்கே வந்தால், கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய் அமுக்குவதற்குள் வண்டி எத்தனை அடி ஓடியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மெதுவாக வந்த வண்டி ஆளுக்கு முன்னால் நிற்கும். வேகமாக வந்தது தாண்டிப் போய்த்தான் நிற்கும். மிதிக்கிற கால் ஒரே கால்தான்.

அவள் தொண்டைக்கும் பக்கவாதம்தான். விழுங்கும்போது மூச்சு வழியின் கதவை மூடுகிற கை அங்கேயும் மெதுவாகிவிட்டிருக்கிறது. அதற்குத்தான் மூன்று நாளாக, இருக்கிறதிலேயே வேகமாக ஓடுகிற ஒன்றைப் பிடித்து, கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறார். அதுவும் படுக்கவைத்து.

காலையும் மாலையும் சாமி கொடுத்த சூரணத்தைத் தேனில் குழைத்து அவள் நாக்கில் தடவியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு தடவைகூட அவள் இருமவில்லை. கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. பதறிக்கொண்டே இருந்ததில் அதைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்த சாமியிடம், தேன் மட்டும் ஏன் இப்படி மெதுவாகப் போகிறது என்று கேட்டார்.

சாமி அவருடைய உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, இரண்டு கையையும் தேய்க்கச் சொன்னார். கை வழுக்கிக்கொண்டு போனது. துடைத்துவிட்டுத் தேனை விட்டார். இப்போது ஒரு கை போனால் மற்றக் கையும் கூடவே போகப் பார்த்தது.

"இன்னும் வேகமாத் தேய்ங்க."

தேய்த்தார். முன்னைவிட இழுத்துப் பிடித்தது.

"மெதுவா."

விட்டுக்கொடுத்தது.

"அடியில இருக்கிற தேன் பட்டையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல இருக்கிறது அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. மேல உள்ளது ஓடப் பார்க்கும், கீழ உள்ளது விடாது. அவசரப்பட்டா இன்னும் விடாது. தண்ணியிலயும் இந்தப் பிடி உண்டு, ரொம்ப லேசு, அவ்வளவுதான்."

சொரிமுத்து எழுந்து அடுப்படிக்கு ஓடினார். ஓடாமல் நடந்தால் அவர் சொரிமுத்து இல்லை.

*

குழந்தைகளுக்கு வயிறு கெட்டால் கொடுக்கிற கூவைக்கிழங்கு மாவு ஒரு டப்பாவில் இருந்தது. கஞ்சி காய்ச்சி ஆற வைத்தார். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தண்ணீராகக் கொட்டாமலும் கட்டியாக விழாமலும், தயங்கித் தயங்கி ஒழுக வேண்டும். இரண்டு தடவை கீழே கொட்டிவிட்டுத் திரும்பக் காய்ச்சினார்.

ஆவுடையம்மாளைத் தூக்கி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தினார்கள். முதல் கரண்டியை வாய்க்குள் விட்டுவிட்டுச் சொரிமுத்து அவள் தொண்டையையே பார்த்தார். அவள் வாயை மூடினாள். தொண்டை ஏறியது, இறங்கியது.

இருமல் இல்லை.

இன்னொன்று. அதற்கும் இல்லை. அவருக்கு அழுகை வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று போனது. பன்னிரண்டாவது கரண்டியில் அவள் இருமினாள். பழைய இருமல், அதே துணி கிழிக்கிற சத்தம். சொரிமுத்து கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். எல்லாம் போச்சு, இதுவும் இறங்காது, கஞ்சியும் கைவிட்டது என்று என்னென்னவோ சொன்னார்.

சாமி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். இருமல் நின்றதும் கிண்ணத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். அரை மணி நேரம் முன்னால் தயங்கி ஒழுகிய கஞ்சி இப்போது வடிகஞ்சி மாதிரி சளசளவென்று ஓடியது.

"கரண்டியை எங்க வச்சீங்க?"

"கிண்ணத்துலதான்."

"வாய்க்குப் போன கரண்டியையா?"

சொரிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எச்சில் கரண்டியைப் பாத்திரத்துக்குள் திரும்ப விடக் கூடாது என்பது மடத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். மற்றவர்களை அதற்காக எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறார். இன்று அவசரத்தில் அவரே பதினோரு தடவை விட்டிருக்கிறார்.

"எச்சில் பட்டா கஞ்சி பிடியை விட்டுரும் அண்ணாச்சி. நீர்த்துப் போயிரும்."

அதன் பிறகு கஞ்சியைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கழுவிக் கொடுத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஒன்றரை டம்ளர் உள்ளே போயிருந்தது. அவள் வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். அசதியில் கண்ணை மூடித் தூங்கினாள்.

சொரிமுத்துவுக்கு மேலத்தோப்பு ஞாபகம் வந்தது. இனி திருப்பிச் சொல்லி அனுப்ப ஆளில்லை. பால்காரர் நாளைக் காலையில்தான் வருவார். அதற்கு முன்னால் அவர்கள் வந்துவிடுவார்கள்.

சாமியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"எத்தனை பேர் வருவாங்க?" என்றார் சாமி.

"ஆறு பேர், ஏழு பேர் வருவாவ."

"சரி. அரிசி கொஞ்சம் கூடப் போடுங்க."

*

மறுநாள் காலையில் ஏழு பேர் வந்தார்கள். முழங்கால் வரை சேறு. முன்னால் தளவாய், எழுபது வயது, கையில் துணியால் வாய் கட்டிய செம்பு. தன் மாட்டில் விடிகாலையில் கறந்த பால். நாலு மைல் வழுக்குப் பாதையில் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்திருந்தார்.

உள்ளே வந்து தங்கையைப் பார்த்தவர் சத்தமில்லாமல் அழுதார். இவளைத் தோளில் வைத்துக்கொண்டு குற்றாலத்துச் சாரலுக்கு நடந்தே போனவர் அவர். இன்று அவள் கண்ணைத் திறக்காமல், கோணிய வாயோடு கிடந்தாள்.

மச்சான், நேற்றிலிருந்து கஞ்சி இறங்குகிறது, அசதியில் தூங்குகிறாள் என்றார் சொரிமுத்து. தளவாய் அதைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர் இறங்காத தொண்டையில் கஞ்சி இறங்கியது என்று சொல்கிற புருஷனைப் பார்த்து அவருக்கு இரக்கம்தான் வந்தது. தோளில் கைபோட்டார்.

"மனசைத் தேத்திக்கிடுங்க மாப்பிள்ளை. உயிர் பாலுக்குத்தான் காத்துக்கிட்டு கிடக்கு. என் கையால ஊத்திருதேன். பிடிச்சு வைக்காதீக அவளை."

மற்ற ஆறு பேரும் தலையசைத்தார்கள். ஒருத்தி, உயிர் போகிறவர்களைக் கிடத்துகிற மாதிரி, பாயை வடக்கு தெற்காகத் திருப்பிப் போடத் தொடங்கினாள்.

சொரிமுத்து முற்றத்துக்கு ஓடினார். சாமி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாவ. அந்தப் பால் அப்படியே உள்ள போனா அவ போயிருவா. ஏழு கரண்டி. ஏழும் தண்ணி மாதிரி."

"வரச் சொன்னது யாரு?"

"நான்தான். புத்தி கெட்டுச் சொல்லிட்டேன்."

"அவர் சிந்தாம கொண்டாந்திருக்காரே அண்ணாச்சி. குடுக்காம அனுப்ப முடியுமா?"

இந்த மனிதரை நம்பி இரண்டு வருஷம் இங்கே கிடந்தோமே என்று சொரிமுத்துவுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. அதைச் சாமி முகத்துக்கு நேராகச் சொல்லவும் வாயைத் திறந்தார்.

சாமி துடைப்பத்தை நிறுத்தவில்லை. "பச்சைப்பால்தான? மடத்துல எதையும் பச்சையாக் குடுக்கிற வழக்கமில்லைன்னு சொல்லுங்க. அடுப்படி உங்க பொறுப்பு."

திறந்த வாயை மூடிக்கொண்ட சொரிமுத்துவுக்கு அடுப்படியில் இருந்த மாவு டப்பா ஞாபகம் வந்தது. உள்ளே போய், மடத்து வழக்கத்தைச் சொல்லி, மச்சானிடம் இரண்டு கைகளையும் நீட்டிச் செம்பை வாங்கினார்.

*

அடுப்படியில் கூவை மாவு டப்பாவை இறக்கினார். மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கிற பாலில் ஊற்றிக் கிளறினார். அதிகமாகிவிட்டது. பாயசம் மாதிரி தளதளத்தது. இதைக் கொண்டுபோனால் பால் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். மிச்சம் இருந்த பாலை அதில் சேர்த்தார். இப்போது நீர்த்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தார். கண் கலங்கியிருந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"பால் காய்ச்ச இவ்வளவு நேரமா மாப்பிள்ளை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாரேன் மச்சான்," என்றார். போகவில்லை.

முற்றத்தில் ஆட்டுக்கல்லின் மேல் அந்த வாழைப்பட்டை வாடிப்போய் அப்படியே சாய்ந்து கிடந்தது. அதைக் கழுவினார். ஓட்டைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தார். இடது கையால் பாலை ஊற்றிவிட்டு, முழங்காலிலிருந்த வலது கையை எடுத்தார். விரல் போவதற்குள் பால் முந்திக்கொண்டது. துண்டு நனைந்தது.

அடுப்படிக்கு வந்தார். இன்னும் அரைக் கரண்டி மாவு. கிளறினார். சூட்டோடு இருக்கும்போது இளகி ஓடுகிறது, ஆறினால் இறுகுகிறது. ஆகவே ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துவிட்டு நின்றார். உள்ளே யாரோ தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார்கள். நேரமாகிறது என்று அதட்டினார்கள். மறுபடியும் அதட்டினார்கள். முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பரின் விசிலுக்கு ஓடிய கால் இரண்டும் அவரை விட்டுவிட்டு ஓடப் பார்த்தன. அவர் பாலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறிய பாலை மறுபடி பட்டையில் ஊற்றினார். அது இறங்கியது. பார்த்தார். கையை எடுத்தார். மூடினார்.

துண்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவையும் ஊற்றினார். நனையவில்லை.

*

"படுக்க வைக்க வேண்டாம் மச்சான். என் நெஞ்சுல சாய்ச்சுக்கிடுதேன்," என்றார். புருஷன் மடியில் சாய்ந்து பால் குடிக்க யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆவுடையம்மாளை நிமிர்த்தி உட்கார வைத்து, பின்னால் தான் உட்கார்ந்து, அவள் தாடையைக் கையால் தாழ்த்திக்கொண்டார். விழிப்பு வந்து அவள் லேசாக முனகினாள்.

தளவாய் கரண்டியில் பாலை எடுத்தார். சிவசிவ என்று சொல்லி வாயில் விட்டார்.

சொரிமுத்துவின் விரல் அவள் தொண்டைமேல் இருந்தது. எதுவும் நடக்கவில்லை. பால் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது, வந்துகொண்டிருந்தது, இன்னும் போய்ச் சேரவில்லை. கடவுளே, மூடு, மூடு என்று தன் விரலுக்குச் சொல்வது மாதிரி அந்தத் தொண்டைக்குச் சொன்னார்.

தொண்டை ஏறியது. இறங்கியது.

இருமல் இல்லை.

சொரிமுத்து கரண்டியைத் தண்ணீரில் அலசி அடுத்தவர் கையில் கொடுத்தார். இரண்டாவது கரண்டியை ஊற்றிய பெண் அழுகையில் அவசரப்பட்டுச் சாய்த்தாள். பால் அவசரப்படவில்லை. மூன்று. நாலு. ஒவ்வொருவருக்கும் இடையில் அவர் நேரம் எடுத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் அதை அவருடைய துக்கம் என்று நினைத்தார்கள். ஏழாவது கரண்டி முடிந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எல்லாரும் தலைகுனிந்து காத்திருந்தார்கள்.

ஆவுடையம்மாள் கண்ணைத் திறந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். அண்ணன் முகத்தில் கண் நின்றது. கோணிய வாயை மெல்ல அசைத்தாள்.

"சீனி போடல," என்றாள்.

தளவாய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வந்தபோது அழுத அழுகை வேறு, இது வேறு. ஒருத்தி அவசர அவசரமாகப் பாயைக் கிழக்கு மேற்காகத் திருப்பினாள்.

அழுது முடித்ததும் தளவாய் பாத்திரத்தை இழுத்துப் பார்த்தார். கரண்டியை விட்டு எடுத்தார். மிச்சப் பால் கரண்டியிலிருந்து விழ மனமில்லாமல் விழுந்தது.

"இதுல என்ன கலந்தீக மாப்பிள்ளை?"

"கூவை மாவு மச்சான். உங்ககிட்டச் சொல்லாம கலந்துட்டேன்."

தளவாய் கோபப்படவில்லை. புரியாமல்தான் பார்த்தார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற சாமியின் பக்கம் திரும்பினார்.

"தண்ணியே இறங்காதவளுக்கு இது மட்டும் எப்படி சாமி இறங்கிச்சு?"

சாமி சொரிமுத்துவைப் பார்த்தார். அவர் இன்னும் ஆவுடையம்மாளை நெஞ்சில் சாய்த்தபடி, விரலை அவள் தொண்டையை விட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம டிரைவர் அண்ணாச்சி இன்னிக்குத்தான் முதல் தடவையா லேட்டா வந்தாவ," என்றார் சாமி.